ஜாக்கும் ஒன்பதும்

கோவிலின் பங்கு அலுவலகத்தில் தந்த ஞானஸ்நானப் படிவம் இரண்டு பக்கம், முழுக்கப் பிரெஞ்சு. ஞானத்தாயாக நிற்பவரின் பெயர், விலாசம், உறுதிபூசுதல் எங்கே பெற்றார், கலியாணம் எந்தக் கோவிலில் நடந்தது என்று கேட்டதற்கெல்லாம் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: தொழில். பேனா அதற்கு மேலே நின்றுவிட்டது.

என் தொழில் போக்கர். பதினொரு வருடமாக அதுதான். பொழுதுபோக்கு இல்லை, காலையில் சோறு கட்டிக்கொண்டு போய், பின்னேரம் இடுப்பு வலியோடு திரும்பி வருகிற தொழில். ஆனால் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எங்கள் பங்குச் சனத்துக்கு நான் நகரத்தின் மறுகோடியில், புவாண்ட்-கிளேரில், ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அந்தப் பொய்யைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. முன்பு உண்மையாகவே அங்கே ஒரு கிடங்கில் பெட்டி கட்டினேன். அந்த வேலை போன பிறகும் "இன்னும் அங்கைதானே?" என்று கேட்டார்கள், தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை நிறுத்தவே முடியவில்லை. கிடங்கு எப்போது அலுவலகமாக மாறியது என்று மட்டும் எனக்குத் தெரியாது. சனம் தானாகவே எனக்குப் பதவி உயர்வு தந்திருந்தது.

மற்ற நாளென்றால் "அலுவலகம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். இது ஒரு பிள்ளையின் கடதாசி.

எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கிற பெண் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுடைய கணவர் லொறி ஓட்டுகிறவர். பனி கொட்டிய ஒரு காலையில் அவளுக்குப் பிரசவ நோ வந்தபோது அவர் எங்கோ நெடுஞ்சாலையில் நின்றார். நான்தான் கூட்டிக்கொண்டு ஓடினேன். தாய்க்கு அடுத்தபடியாக அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கியவள் நான். துணிக்குள் சுற்றிய சிவப்பு முகம், கொட்டாவி விட்டது. எனக்கும் என் கணவருக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து அவள் கீழே இறங்கி வந்து, "அக்கா, நீங்கள்தான் ஞானத்தாய் நிக்க வேணும், வேற ஆரையும் நான் கேக்க மாட்டன்" என்றாள். ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். போக்கர் மேசையில் எதற்கும் அசையாது என்று பெயர் வாங்கிய முகம் அது.

அந்த முகம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பாவும் இரண்டு அண்ணைமாரும் முந்நூற்றி நாலு விளையாடுவார்கள். நாலாவது ஆள் இல்லாததால் என்னை இழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது நாலு பேர் கடதாசியில், அதாவது சீட்டில், விளையாடும் விளையாட்டு, எதிரெதிராக இருக்கும் இருவர் ஒரு சோடி. மற்ற விளையாட்டுகளைப் போல அதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மரியாதை கிடையாது. பெரிய கடதாசி ஜாக். அடுத்தது ஒன்பது. இரண்டும் ஒன்றாகக் கைக்கு வந்தால் மூச்சு ஒரு கணம் நின்று போகும்.

போக்கரை எனக்குக் காட்டியவர் கிடங்கில் கூட வேலை செய்த போர்த்துக்கேயப் பெண். மதிய இடைவேளையில், பெட்டிக்குள் நிரப்பும் வெள்ளை நுரைத் துண்டுகளைப் பந்தயமாக வைத்து விளையாடினோம். ஆளுக்கு இரண்டு கடதாசி ஒளித்துப் பிடிக்க வேண்டும். ஐந்து கடதாசி நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். நல்ல கை வைத்திருப்பவர் வெல்லலாம், வைத்திருப்பதாக மற்றவர்களை நம்பவைப்பவரும் வெல்லலாம். என் முதல் கைக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. இதைவிடப் பெரிய கை உலகத்தில் இல்லை என்று என் இரத்தம் சொன்னது. இருந்த நுரை எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். அவள் இரண்டு ராஜாவைக் காட்டினாள். "யார் உனக்கு இதைப் பெரிய கை என்று சொன்னது?" என்று கேட்டாள். அப்பா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பாதி நுரை பறந்துபோனது.

கிடங்கு மூடிய பிறகு, இன்னொரு வேலை கிடைக்கும்வரை என்று நினைத்துத்தான் போக்கர் மண்டபத்துக்குப் போகத் தொடங்கினேன். எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மெட்ரோவில் கைத்தொலைபேசியில் காணொளி பார்த்தேன். நூலகத்துப் புத்தகங்களைப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வாசித்தேன். வெளியே இருப்பவர்கள் போக்கர் என்றால் துணிச்சல் என்று நினைக்கிறார்கள். என் வேலையில் முக்கால்வாசி சும்மா இருப்பது. வருகிற கையைப் பார்ப்பது, கவிழ்ப்பது, அடுத்ததற்குக் காத்திருப்பது. வாடகை தவறாமல் போனது; காசைப் பற்றி அவ்வளவு சொன்னால் போதும். இன்னொரு வேலை தேடுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

வாலிபர்கள் வருகிற நேரத்துக்கு நான் போவதில்லை. என் நேரம் காலை பத்து மணி. ஓய்வுபெற்றவர்களின் மேசை. அவர்கள் வருவது விளையாட மட்டுமல்ல, கதைக்கவும்தான். நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வென்றதையும் தோற்றதையும் அதில் எழுதுவதில்லை, ஆட்கள் சொன்னதை எழுதுவேன். ஒரு கிரேக்கக் கிழவர் தோற்கும்போதெல்லாம், "வீட்டில் இருந்திருந்தால் மனைவியிடம் தோற்றிருப்பேன், இங்கே கோப்பியாவது தருகிறார்கள்" என்பார். புரோசார்டில் இருந்து வருகிற ஒரு முன்னாள் பஸ் சாரதி, ஹொங்கொங்காரர், ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உனக்கு ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் இடது புருவம் ஏறுகிறது. முப்பது வருடம் பின்கண்ணாடியில் ஆட்களைப் பார்த்த கண் எனக்கு." மூன்று வருடமாக அதை வைத்து என்னிடம் வென்று சாப்பிட்ட பிறகுதான் சொன்னார். இருந்தாலும் சொன்னாரே. கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தப் புருவத்தை அடக்கினேன். பதினொரு வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேசையில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுதான் பேசலாம். கடதாசி கையில் இருக்கும்போது குசுகுசுப்பது கூடாது, காட்டுவது கூடாது. ஒருமுறை ஒருவர் தன் நண்பருக்குக் கண் சிமிட்டினார். ஒரே ஒரு சிமிட்டல். மேற்பார்வையாளர் வந்து அவருடைய தோளைத் தொட்டார். அதற்குப் பிறகு அவரை நான் அங்கே கண்டதில்லை. பலருக்கு அது சின்ன விஷயம். தனியாகப் போய் ஒன்பது ஆண்களுக்கு நடுவில் உட்காரும் பெண்ணுக்கு அந்த விதிதான் கூரை. மேசையில் எல்லோரும் எனக்கு எதிரி என்றால் எனக்குப் பயம் இல்லை. இரண்டு பேர் சேர்ந்துவிட்டால்தான் பயம்.

படிவத்தை நிரப்பாமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீர் எழுதும். இவ்வளவு நாள் ஒளிச்சது காணும்" என்றார். பிறகு, "இந்த வீட்டில பொய் சொல்லக்கூடிய ஆள் நீர் மட்டும்தான், நான் சொன்னா உடன பிடிச்சுப் போடுவீர்" என்றும் சொன்னார். எழுதுவதற்கு முன்னால் பிள்ளையின் தாய்க்குத் தெரிய வேண்டும் என்று மேலே போய் அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை விரித்து, "அக்கா, உண்மையாவோ? எனக்கும் பழக்கிவிடுங்கோ" என்றாள். ஆனால் அவள் தன் மாமிக்கும் சொன்னாள். அங்கேதான் பிசகியது.

மாமி என்று நான் சொல்வது அவளுடைய கணவரின் தாயை. மன்னார்ப் பக்கம். அவர்களோடுதான் இருக்கிறார். மாமி மீன் குழம்பு வைக்கும் நாளெல்லாம் ஒரு தயிர்ப் பெட்டியில் எனக்கும் ஒரு பங்கு கீழே வரும். உண்மை தெரிந்த கிழமை பெட்டி வரவில்லை. மாமிதான் வந்தார். நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"நீ நல்ல பிள்ளை, அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா சூதில பொய்தானே தொழில்? பொய்யைத் தொழிலா வச்சிருக்கிறவள், பேசத் தெரியாத பிள்ளைக்குப் பதிலாச் சுவாமிக்கு முன்னால நிண்டு சத்தியம் குடுக்கிறதோ?"

பொய்க்கை காட்டுவது என் தொழிலில் ஒரு பகுதிதான். அது போகட்டும், புவாண்ட்-கிளேர் என்று இத்தனை வருடம் மாமியிடமும்தானே சொல்லியிருந்தேன்? அவருடைய குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தேன்.

எல்லோருமாகப் பங்குக் குருவிடம், நாங்கள் சுவாமி என்று கூப்பிடுகிறவரிடம், போனோம். விசுவாசம் இருக்கிறதா, ஞாயிறு பூசைக்கு வருகிறாரா, ஒழுங்காக வாழ்கிறாரா என்பதைத்தான் திருச்சபை கேட்கிறது, எந்த விளையாட்டு என்று கேட்கவில்லை என்று அவர் சொன்னார். ஆனால் சண்டைக்கு நடுவில் தண்ணீர் ஊற்ற மாட்டேன், வீட்டில் ஒருமனமாக வாருங்கள் என்றும் சொன்னார். ஞானஸ்நானத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மாமி மனம் மாறாவிட்டால் லொறிக்காரரின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி டொரொண்டோவில் இருந்து வந்து நிற்பதாகப் பேச்சு. என் மேல்மாடித் தோழி, பிள்ளையின் தாய், ஒவ்வொரு நாளும் கீழே வந்து அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு என் பங்குக்கு அழுதேன்.

அடுத்த ஞாயிறு பங்குத் திருவிழா. பூசை முடிந்து கோவிலின் நிலவறை மண்டபத்தில் மதியச் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் முந்நூற்றி நாலுப் போட்டி. முதல் பரிசு ஒரு பெரிய ரைஸ் குக்கர். சேருகிறவர்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி ஒரு ஐஸ்கிரீம் வாளிக்குள் போட்டுக் குலுக்கிச் சோடி சேர்ப்பார்கள். நான் சேரவில்லை. என் பெயரை எழுதிப் போட்டவள் தோழி. என்னோடு வந்த துண்டு மாமியுடையது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பது அப்போது எழுந்த அமைதியில் விளங்கியது. மாமி எனக்கு எதிரே வந்து இருந்தார்.

எங்கள் சனத்தின் முந்நூற்றி நாலில் ஒரு வழக்கம் உண்டு: கள்ளச் சைகை. சோடிகள் ஒருவருக்கொருவர் மூக்கைத் தொட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, இருமி, கையில் இருப்பதைக் காட்டிக்கொடுப்பார்கள். விதியில் இல்லைதான். பிடிபட்டால் கூச்சல், சிரிப்பு, அவ்வளவுதான். விளையாட்டின் பாதி ருசியே அதில் என்பார்கள். மாமி அதில் பேர்போனவர். முதல் சுற்றிலேயே எதிர்ப்பக்கத்து, அதாவது மற்றச் சோடியின், ஆள் ஒருவர் கேட்டார்:

"என்ன மாமி, கை ஒரு இடத்தில நிக்குதில்லை?"

"எனக்கு வாதம் தம்பி. அது தானா ஆடும்."

மூன்று சுற்று வென்றோம். மாமியின் சைகையால் அல்ல. விழுந்த கடதாசிகளை நான் மறப்பதில்லை, அதனால். மாமியும் அதைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் என் தட்டில் ஒரு வடையைத் தள்ளிவிட்டார். குழம்பு இல்லை, வடைதான்.

கடைசிச் சுற்றில் கடைசிக் கை. மாமி துணிந்து பெரிய புள்ளிக்கு ஏலம் கேட்டு, மற்ற வகைகளை வெட்டும் தன் துரும்பைக் கவிழ்த்து வைத்தார். துரும்பு எந்த வகை என்று வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். எதிரே இருக்கிற பார்ட்னர் ஊகிக்க வேண்டும். மாமி உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, "யேசுவே" என்று மூச்சு விட்டார். ஆட்டின். சிவப்பு இதயம் போட்ட வகை. இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுதித்தான் காட்டியிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் டயமன் ஜாக்கை இறக்கியது. என்னிடம் டயமன் ஒன்றும் இல்லை. ஒரு கடதாசியைக் கவிழ்த்துப் போடலாம். அது துரும்பாக இருந்தால் அந்த ஜாக் எங்களுக்கு, போட்டியும் எங்களுக்கு. என்னிடம் மிஞ்சியது நாலு: ஆட்டின் மூன்று, கறுப்புப் பூப் போட்ட கிளாவர் ஒன்று. சைகையைக் காணாதவளாக யோசித்துப் பார்த்தேன். ஒரு வகை நிறைய இருந்ததால்தான் மாமி அவ்வளவு துணிந்து கேட்டிருப்பார். ஆட்டினில் மூன்று என்னிடம் இருக்க, அவரிடம் எப்படி ஆட்டின் நிறைய இருக்கும்? மற்றக் கறுப்பு வகை பெரும்பாலும் விழுந்து முடிந்திருந்தது. கணக்குப்படி துரும்பு கிளாவர்.

மாமியின் கை நெஞ்சிலேயே இருந்தது. இருமினார். மறுபடியும் இருமினார்.

எனக்கு நன்றாகத் தெரியும்: ஆட்டினைப் போட்டால் மாமி குளிர்ந்துவிடுவார். ரைஸ் குக்கரோடு வீட்டுக்குப் போவார். குழம்புப் பெட்டி வரும். பிள்ளை எனக்குக் கிடைப்பாள். என் விரல் ஆட்டினில்தான் இருந்தது. அந்தக் கண் சிமிட்டிய மனிதரின் தோளில் வைத்த கை ஞாபகத்துக்கு வந்தது. விரல் நகர்ந்தது. கிளாவரைக் கவிழ்த்துப் போட்டேன்.

மாமி அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் ஜாக்கை அள்ளியது, அதோடு போட்டியையும்.

தேநீர் மேசையில் மாமி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலை அடக்கித்தான் கேட்டார்.

"நான் காட்டினதை நீ காணேல்லையோ?"

"கண்டனான் மாமி."

"கண்டுமோ கிளாவரைப் போட்டனி?"

"காணாட்டி அதைத்தான் போட்டிருப்பன்."

மாமி கேக்கை எடுத்தார், திரும்ப வைத்தார். நான் சொன்னேன்:

"முகத்தை மறைக்கிறது விளையாட்டு மாமி. நான் மறைக்கிறன் எண்டு எதிர இருக்கிறவருக்கும் தெரியும், அவரும் மறைப்பார். களவாப் பாக்கிறது அப்பிடி இல்லை. நான் வேலை செய்யிற இடத்தில அதுக்கு இடமில்லை. பதினொரு வருசமா நான் அப்பிடி ஒருநாளும் விளையாடேல்லை. உங்களுக்குச் சொன்ன பொய் எண்டால் புவாண்ட்-கிளேர் ஒண்டுதான். அதுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"விசரி" என்றார் மாமி. பைத்தியக்காரி என்பதைக் கோபமாகச் சொன்னாரா செல்லமாகச் சொன்னாரா என்று என்னால் வாசிக்க முடியவில்லை. முகம் வாசித்துச் சாப்பிடுகிறவள் நான். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இந்த மனுஷி மட்டும் போக்கருக்கு வந்திருந்தால் எங்கள் மேசையே காலியாகியிருக்கும்.

திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாய் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போனேன், கவனம் இல்லாமல் விளையாடுவதைவிட எழும்புவது மேல் என்று மதியமே எழும்பி வந்துவிட்டேன். டொரொண்டோக்காரி பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாளா என்று தோழியிடம் கேட்கவும் பயம். புதன்கிழமை பின்னேரம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் மாமி. கையில் தயிர்ப் பெட்டி. மூடியின் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிந்திருந்தது.

"ஞானஸ்நானத்துக்கு என்ன நிறச் சாறி உடுக்கப் போறாய்?"

நான் கதவை அகலத் திறந்து பெட்டியை வாங்கினேன். மாமி உள்ளே வந்து, இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"ஐம்பது வருசமாக் காட்ஸ் விளையாடுறன் பிள்ளை. சைகை விளங்காமல் தோத்தவையைக் கண்டிருக்கிறன். விளங்கியும் தோத்தவள் நீ ஒருத்திதான். அண்டு முழுக்க எனக்கு உன்னில கொதி. பேந்து படுத்துக் கிடந்து யோசிச்சன். இவள் குடுக்கிற சத்தியம் நிக்கும்."

எழும்பிப் போகும்போது கதவடியில் திரும்பி, "ஆனா ஒண்டு. இனி எனக்குப் பார்ட்னரா வராதை. எதிர்ப்பக்கத்தில இரு" என்றார்.

அவர் போன பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் வேலையால் வந்து என்னையும் பெட்டியையும் பார்த்தார். சோறு வைக்கப் போனார். எத்தனையோ பெரிய கைகளை வென்றிருக்கிறேன். அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தபோது வந்த மூச்சைப் போல ஒரு மூச்சை எந்த மேசையிலும் விட்டதில்லை.

மறுநாள் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். ஜுவூஸ் து போக்கேர். போக்கர் விளையாடுபவள். அலுவலகத்துப் பெண் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தன் கணவர் வெள்ளிதோறும் நண்பர்களோடு விளையாடுவதாகவும், தான் மிகத் திறமைசாலி என்று அவர் நம்புவதாகவும் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். பிறகு முத்திரையைக் குத்தினார். அவ்வளவுதான். பதினொரு வருடம் சுமந்து திரிந்தது, குத்துவதற்கு ஒரு கணம் எடுத்தது. இப்போது மரக்கறிக் கடையில் யாராவது வேலை எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். கூடுதலானவர்கள் லொத்தர்ச் சீட்டுக்கு இலக்கம் கேட்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளங்கப்படுத்த நேரம் போகிறது, ஆனால் அந்த நேரம் எனக்குச் சுகமாக இருக்கிறது.

ஞானஸ்நானத்தன்று நீலச் சாறி உடுத்தேன். சுவாமி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளைக்காக நான் பதில் சொன்னேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் அவள் கோவில் அதிரக் கத்தினாள். பிறகு என் சாறி மடிப்பைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அடங்கினாள். பின்னால் நின்ற மாமி என் காதுப் பக்கம் குனிந்தார்.

"இடது புருவத்தை இறக்கு பிள்ளை. ஜாக்கும் ஒன்பதும் வந்திட்டுது எண்டு கோவிலுக்கே தெரியுது."

போக்கருக்கு அடக்கிய புருவம் நிலவறையில் முதல் சுற்றிலேயே ஏறியதையும், பிறகு அந்த இரண்டு கடதாசியும் என்னிடம் இருந்து விழுந்ததையும் கண்டுவிட்டாராம். கண்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

நான் இறக்கவில்லை.